முதுகில் சுமந்து போகும் வேவு ட்ரோன் எதுவரை பார்க்கும்?

கேள்வி இதுதான்: இந்திய ராணுவம் வாங்கிய ஸ்விட்ச் மாதிரி, ஹெலிகாப்டர் போல நேராக எழும்பி விமானம் போலப் பறக்கும் சிறிய மின்சார ட்ரோன்கள் உண்மையில் என்ன செய்யும்? கடையில் கிடைக்கும் குவாட்காப்டரே, அதாவது நான்கு சுழலி ட்ரோனே, நல்ல வீடியோ எடுக்கிறதே, இதில் அப்படி என்ன கூடுதல்? 2 மணி நேரம் பறக்கும், 15 கிலோமீட்டர் எட்டும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து இந்த வகை ட்ரோனை எடை போடாதீர்கள். இதன் திறமையைத் தீர்மானிப்பது வேறு சில விஷயங்கள். இறங்கும்போது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நடுவில் மலை இருக்கிறதா, கேமராவில் ஒரு மனிதன் எத்தனை பிக்சலாகத் தெரிகிறான், இவ்வளவும் சேர்ந்துதான் விடை.

முதலில் ஸ்விட்ச் பற்றிச் சுருக்கமாக. மும்பை ஐஐடியில் படித்தவர்கள் 2007ல் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. 2020 ஜூனில் கல்வான் மோதல் நடந்தது, அடுத்த ஜனவரியில் ராணுவம் சுமார் 2 கோடி டாலருக்கு இதன் உயரமலை ரகத்தை வாங்க ஒப்பந்தம் போட்டது. எடை 6.5 கிலோ அளவு, இறக்கை நுனிக்கு நுனி 2.6 மீட்டர், பறக்கும் நேரம் 2 மணி, ரேடியோ எட்டும் தூரம் 15 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 4000 மீட்டர் உயரத்தில் இருந்துகூட ஏவலாம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. பெட்டியில் அல்லது முதுகுப் பையில் துண்டு துண்டாக எடுத்துப் போய், போன இடத்தில் பூட்டிப் பறக்கவிடலாம். ஓடுபாதை, ஏவுதண்டவாளம், வலை, பாராசூட் எதுவும் வேண்டாம்.

இதே எடையில் உலகம் முழுக்க இப்படி நிறைய வந்துவிட்டன. ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் இருக்கும் குவாண்டம் சிஸ்டம்ஸ் செய்யும் வெக்டர் அதில் முக்கியமானது, ஏனென்றால் அது உக்ரைன் போரில் அடிபட்டுத் தேறியது. 2022 ஆகஸ்டில் 33, அடுத்த ஜனவரியில் 105, அந்த மே மாதத்தில் இன்னும் 300 என்று ஜெர்மன் அரசின் பண உதவியோடு உக்ரைனுக்குப் போனது. போர்க்களத்தில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் சாமான் என்றால் அதில் விஷயம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சரி, குவாட்காப்டர் ஏன் போதாது? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். இது என் தோராயக் கணக்கு, குறிப்பிட்ட எந்த மாடலின் அளவும் கிடையாது. 6.5 கிலோ எடையை 15 அங்குல ப்ரொபெல்லர் நான்கை வைத்து அந்தரத்தில் நிறுத்த வேண்டும். கொள்கையளவில் 480 வாட் போதும், ஆனால் மோட்டாரும் ப்ரொபெல்லரும் விழுங்குவதைச் சேர்த்தால் நடைமுறையில் 800 வாட் வரை போகும். அதே 6.5 கிலோவை ஒரு நல்ல இறக்கை நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் தாங்கிப் போகும்போது, காற்று பின்னால் இழுக்கும் விசை மொத்தமே 6 நியூட்டன்தான், அதாவது கையில் அரைக்கிலோ சாமானைப் பிடித்திருக்கும் அளவுக்குக் கொஞ்சம் மேலே. எல்லா இழப்பையும் சேர்த்து, கேமராவுக்கும் ரேடியோவுக்கும் 30 வாட் ஒதுக்கினாலும் 180 வாட்டில் வேலை முடிந்துவிடும். நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்போது அந்த 6.5 கிலோவில் 2 கிலோ பேட்டரி என்று வையுங்கள், அதில் 460 வாட்-மணி ஆற்றல் இருக்கும். அந்தரத்தில் நின்றுகொண்டே இருந்தால் அரைமணி நேரம் கொஞ்சம் தாண்டியதும் காலி. எழும்பவும் இறங்கவும் 3 நிமிடம் மட்டும் அந்தரத்தில் செலவழித்து, மற்ற நேரமெல்லாம் இறக்கையில் போனால் 2 மணி நேரம் பறந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 2 மணி நேரம் என்று போடுகிறார்களே, அது இப்படித்தான் வருகிறது, அதில் மாயமும் இல்லை, பொய்யும் இல்லை.

வெக்டரிலேயே இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. அதன் உடலிலிருந்து இறக்கைகளைக் கழற்றிவிட்டு, சுழலிக் கைகளைப் பூட்டினால் ஸ்கார்ப்பியன் என்ற மூன்று சுழலி ட்ரோனாக மாறிவிடும். உடலும் கேமராவும் அதேதான், ஆனால் 2 மணி நேரம் பறந்தது முக்கால் மணிக்கு இறங்கிவிடுகிறது. பதிலுக்கு, ஒரு ஜன்னலுக்கு எதிரே அசையாமல் நின்று பார்க்கலாம். இறக்கை உள்ள ட்ரோனால் அது முடியாது, அது சுற்றிக்கொண்டேதான் பார்க்க முடியும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு வாங்குபவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள். ஊருக்குள் தெரு முக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால் குவாட்காப்டர்தான் சரி.

அப்படியானால் வெறும் இறக்கை விமானத்தையே கையால் வீசி எறிந்து பறக்கவிட்டால் என்ன? அமெரிக்க ராணுவம் பல வருடம் அதைத்தான் செய்தது. ரேவன் 2 கிலோ, பூமா 6 கிலோ சொச்சம், இரண்டையும் கையால்தான் வீசுவார்கள். இறக்கும்போது வேகத்தைக் கொன்று பொத்தென்று தரையில் விழவைப்பார்கள், ரேவன் விழுந்ததும் துண்டுகளாகப் பிரிந்துவிடும்படியே செய்திருக்கிறார்கள். சமவெளியிலும் பாலைவனத்திலும் அது நடக்கும். கூரான பாறையும் சரிவுமாக இருக்கும் இடத்தில் 6 கிலோ விமானத்தை, அதன் வயிற்றில் தொங்கும் விலை உயர்ந்த கேமராவோடு விழவைக்க யாருக்கு மனசு வரும்? அதோடு 4000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறக்கை தாங்குவதற்கு 22 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் சிப்பாய் அதே கையால் கூடுதல் வேகத்தில் வீச வேண்டும் என்றால் எப்படி? நேராக எழும்பும் வசதி மலைப்பகுதியில் ஆடம்பரம் இல்லை என்பது இதனால்தான்.

எழும்பும் முறையில் மூன்று வகை உண்டு. தூக்குவதற்குத் தனி மோட்டார்கள், முன்னே தள்ளத் தனி மோட்டார் என்று வைப்பது ஒன்று: எளிமையானது, ஆனால் பறக்கும்போது தூக்கு மோட்டார்கள் வெறும் சுமை. வெக்டரில் இருப்பது சாய்சுழலி, மேலே பார்க்கும் மோட்டாரே சாய்ந்து முன்னே இழுக்கும், எடை மிச்சம், ஆனால் சாய்க்கும் மூட்டு பழுதானால் கதை முடிந்தது. மூன்றாவது, மூக்கு வானைப் பார்க்க வாலில் உட்கார்ந்து எழும்புவது. சுவிட்சர்லாந்தின் விங்க்ட்ரா நில அளவைக்குச் செய்யும் ட்ரோன்கள் இந்த வகை.

வகை எதுவானாலும், ஆபத்தான கட்டம் ஒன்றுதான். பலர் எழும்புவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள், நான் இறங்குவதைத்தான் பார்ப்பேன். 2 மணி நேரம் பறந்து பேட்டரி வற்றிய நிலையில் திரும்பி வருகிறது. அப்போதுதான் 180 வாட் எடுத்துக்கொண்டிருந்த மோட்டார்கள் திடீரென்று 800 வாட் கேட்கின்றன. கொஞ்சமாக இருக்கும் பேட்டரியிலிருந்து அதிகக் கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் சரியும். குளிரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் லித்தியம் பேட்டரியின் உள்தடை குளிரில் ஏறிவிடும். மேலே நன்றாகப் பறந்துகொண்டிருந்தது, மீதி 20 சதவீதம் என்று திரையில் காட்டியது, தரைக்கு 20 மீட்டர் மேலே வந்து நின்றதும் வோல்டேஜ் அறுந்து கீழே விழுந்தது என்ற கதையை இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதனால்தான் குளிர்ப்பிரதேசத்தில் பேட்டரியைக் கடைசி நிமிடம் வரை ஜாக்கெட்டுக்குள்ளோ வெப்பம் காக்கும் பெட்டியிலோ வைத்திருந்து பூட்டுகிறார்கள். பறக்க ஆரம்பித்ததும் தன் வேலையிலேயே அது கொஞ்சம் சூடாகிக்கொள்ளும், ஆனால் இறக்கையில் போகும்போது எடுக்கும் கரண்ட் குறைவு என்பதால் அந்தச் சூடும் குறைவுதான்.

உயரத்தைப் பற்றிச் சொன்னேன். 4000 மீட்டரில் அந்தரத்தில் நிற்கும் செலவும் அதே 22 சதவீதம் கூடும், 800 வாட் 980 ஆகிவிடும். மோட்டார் அந்தக் கூடுதலைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் காற்று வீச்சைச் சமாளிக்கவும் கையிருப்பு வேண்டும். சமவெளியில் அட்டகாசமாகப் பறக்கும் மாடல் லே விமான நிலையத்தின் உயரத்துக்கு வந்ததும் திணறுவது இதனால்தான். இன்னொன்று, திரும்பும் வட்டமும் பெரிதாகிவிடும். 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் கடல்மட்டத்தில் 45 மீட்டர் ஆரத்தில் முடியும் வட்டம், 4000 மீட்டரில் 68 மீட்டர் கேட்கும். அகலமான பள்ளத்தாக்கில் பரவாயில்லை. குறுகலான ஓடையில், ஓட்டுபவர் வரைபடத்தில் சொடுக்கிச் சொடுக்கிப் பாதை போடும்போது இதை நினைவில் வைக்காவிட்டால் பாறையில்தான் போய் முட்டும்.

காற்று அடுத்த எமன். நொடிக்கு 16 மீட்டரில் பறப்பது நொடிக்கு 10 மீட்டர் காற்றில் போகிறது என்று வையுங்கள். பின்காற்று என்றால் 15 கிலோமீட்டரைப் பத்தே நிமிடத்தில் தொட்டுவிடும், போகிறவருக்குப் பரம சந்தோஷம். திரும்பும்போது எதிர்க்காற்று, தரையைப் பொறுத்து வேகம் வெறும் 6 மீட்டர், 42 நிமிடம் ஆகும். போன நேரத்தை வைத்து வர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டவர் ட்ரோனை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். நல்ல மென்பொருள் பறக்கும்போதே காற்றை அளந்து, இப்போது திரும்பினால்தான் வீடு சேரலாம் என்று எச்சரிக்கும், கேட்காவிட்டால் தானே திரும்பும். வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், இறங்க வந்து அந்தரத்தில் நிற்கும்போது அந்த 2.6 மீட்டர் இறக்கை பாய்மரமாகிவிடும். பக்கவாட்டில் அடித்தால் தள்ளிக்கொண்டு போகும், அதனால் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பித்தான் இறங்க வேண்டும். பறப்பதற்கு ஒரு காற்று வரம்பு, இறங்குவதற்கு அதைவிடக் குறைந்த வரம்பு என்று இரண்டு இருக்கும். விளம்பரத்தில் பெரும்பாலும் பெரிய எண்தான் இருக்கும்.

15 கிலோமீட்டர் என்பது ரேடியோவின் தூரம். 120 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஒன்றுக்குப் பூமியின் வளைவு 45 கிலோமீட்டர் வரை தடையே இல்லை, ஆகவே வரம்பு வருவது சிக்னலின் வலுவால்தான். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சிக்னல் கால் பங்காகிவிடும். கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்குக் கொஞ்சம் சிக்னல் போதும், வீடியோதான் நிறையக் கேட்கும், அதனால் தூரம் போகப் போக முதலில் மங்குவது படம். ஆனால் இதெல்லாம் நடுவில் எதுவும் இல்லாதபோது. மலைநாட்டில் ஒரு முகடு குறுக்கே வந்தால் 15 கிலோமீட்டர் என்பது 3 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். தரையில் எந்த இடத்தில் ஆன்டெனா வைக்கிறோம் என்பது ட்ரோனைவிட முக்கியம் என்றே சொல்வேன். பள்ளத்தாக்கில் வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி நட்டு வைப்பதற்கும், ஒரு மணி நேரம் ஏறிப்போய் முகட்டில் நட்டு வைப்பதற்கும் வரும் வித்தியாசத்தை எந்தப் புதிய ரேடியோவாலும் தர முடியாது.

இனி கேமரா. என் மனசுக்கு நெருக்கமான பகுதி இது, இங்கேதான் அதிகம் ஏமாற்றமும் நடக்கிறது. இந்த வகை ட்ரோன்களில் ஜிம்பலில், அதாவது கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கியில், இரண்டு கண்கள் இருக்கும்: பகலுக்கு ஜூம் கேமரா, இரவுக்கு வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமரா. பகல் கேமரா பெரும்பாலும் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. தெர்மல் அப்படி இல்லை. நல்லது என்று சொல்லப்படுவதிலேயே குறுக்கே 640 பிக்சல்தான் இருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ், 12 மைக்ரான் பிக்சல் என்று எடுத்துக்கொண்டால், 1 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் தரையில் 24 சென்டிமீட்டரை மூடும். ஒரு மனிதன் அங்கே குறுக்கே இரண்டு, நெடுக்கே ஏழெட்டுப் பிக்சலாகத்தான் தெரிவான். அது ஒரு வெள்ளைப் புள்ளி. நகர்ந்தால் ஏதோ உயிருள்ளது என்று தெரியும், மனிதனா மாடா என்று நடையை வைத்து ஊகிக்கலாம்.

1958ல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் என்பவர் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார், இன்றும் அதைத்தான் வைத்துப் பேசுகிறார்கள். இன்றைய பிக்சல் கணக்கில் சொன்னால், ஏதோ இருக்கிறது என்று கண்டுகொள்ள இலக்கின் குறுக்கே 2 பிக்சல், அது என்ன வகை என்று சொல்ல 8, இன்னது என்று உறுதியாக அடையாளம் காண 13. மனிதனுக்கு இந்தக் கணக்கில் வழக்கமாக வைக்கும் 0.75 மீட்டர் அளவை எடுத்து மேலே சொன்ன லென்ஸுக்குப் போட்டால், இருக்கிறான் என்று தெரிவது 1.5 கிலோமீட்டரில், மனிதன்தான் என்று சொல்ல முடிவது 400 மீட்டருக்குள், உறுதியான அடையாளம் 240 மீட்டரில். வண்டி என்றால் கண்டுகொள்வது 4 கிலோமீட்டர் தாண்டியும் நடக்கும். நிறுவனங்கள் போடும் தூரம் பெரும்பாலும் முதல் எண். உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் கடைசி எண். கையில் இருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்று தெரியாமல் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்து முடிவெடுப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், எல்லையிலும் காட்டிலும் அதனால் அப்பாவிகள் சாகலாம். வாங்குகிற அதிகாரிகள் இந்த மூன்று தூரத்தையும் தனித்தனியாக எழுத்தில் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

அடையாளம் காணக் கிட்டே போகலாமே என்றால், போகலாம், அங்கேதான் மின்சார மோட்டார் உதவுகிறது. பெட்ரோல் எஞ்சின் ட்ரோன் வருவது ரொம்ப தூரத்திலேயே காதில் விழும். இறக்கையில் மெதுவாகப் போகும் மின்சார ட்ரோன் சில நூறு மீட்டர் மேலே இருந்தால் தரையில் இருப்பவருக்குக் கேட்பதே கடினம். குவாட்காப்டரின் வண்டுச் சத்தம் இதில் எழும்பும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான், அதுவும் நம் பக்கத்தில் நடக்கிறது.

உக்ரைனிலிருந்து வந்த பெரிய பாடம் ஜிபிஎஸ். இரண்டு பக்கமும் ஜிபிஎஸ்ஸையும் ரேடியோவையும் இரைச்சல் சிக்னல் அனுப்பி அடைக்கிறார்கள். ரேடியோ அறுந்தால் தானே வீடு திரும்பும் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் வீடு எங்கே என்று அதற்குச் சொல்வது ஜிபிஎஸ். அதுவும் போனால் திசைகாட்டியையும் வேகத்தையும் வைத்து ஊகித்துத்தான் வர வேண்டும், காற்று நொடிக்கு 5 மீட்டர் பக்கவாட்டில் தள்ளினால் பத்து நிமிடத்தில் 3 கிலோமீட்டர் விலகிவிடும். கீழே தெரியும் நிலத்தைக் கேமராவில் பார்த்து வரைபடத்தோடு பொருத்தி இடம் அறியும் முறை இப்போது வேகமாக வளர்வது இதனால்தான். இங்கேயும் 2024 ஆகஸ்டில் பயிற்சியில் இருந்த ராணுவத்தின் சிறிய ஆளில்லா விமானம் ஒன்று கோளாறாகி, கட்டுப்பாட்டு எல்லைக்கோடு தாண்டிப் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது, ஹாட்லைனில் சொல்லித் திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. ட்ரோன் போனது மட்டும் நஷ்டமில்லை, அதன் நினைவகத்தில் என்ன இருந்தது, சிக்னலை ரகசியமாக்கும் மறையாக்கத் திறவுகோல் அழிந்ததா என்பதுதான் பெரிய கவலை.

ராணுவம் தவிர வேறு யாருக்கு இது பயன்படும்? வனத்துறை, ரயில் பாதை, எண்ணெய்க் குழாய், வெள்ளத்தில் ஆள் தேடுவது, இப்படி நீளமாகப் பரந்து கிடக்கும் இடங்களுக்கு. மணிக்கு 58 கிலோமீட்டர் வேகம், 2 மணி நேரம் என்றால் ஒரே பறப்பில் நூறு கிலோமீட்டர் பாதையைப் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் சட்டம் குறுக்கே வரும். 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை இருப்பவை சிறிய ட்ரோன் என்ற வகை, ஓட்டுநர் சான்றிதழ் வேண்டும், முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம் என்று குறித்த பச்சை மண்டலத்திலும் 120 மீட்டருக்கு மேல் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ஆயுதப்படைகளுக்கு அந்த விதிகள் பொருந்தாது.

2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை, எனவே இந்தியத் தயாரிப்பு என்று ஒட்டியிருப்பதன் உள்ளே எந்த நாட்டு ரேடியோ, எந்த நாட்டு விமானக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது என்பது தனிக் கேள்வி. 2025 பிப்ரவரியில் சீன உதிரிபாகங்கள் காரணமாக 400 சரக்கு ட்ரோன்களுக்கான, 230 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது. வேவு ட்ரோனுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். நீங்கள் ஏதாவது துறைக்காக இதை வாங்கும் இடத்தில் இருந்தால், ரேடியோ, கட்டுப்பாட்டுப் பலகை, தரைநிலைய மென்பொருள் மூன்றையும் யார் செய்தது, மென்பொருளின் மூலநிரல் யார் கையில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.